வெளிச்சவீட்டுக் குடும்பத்துக் கதைஞர்: றொபேட் லூயிஸ் ஸ்டீவன்சன்

தந்தை செய்த தொழிலை மைந்தன் மேற்கொள்ளுதல் தொன்றுதொட்டு வரும் வழக்கு. அவ்வழக்கை விட்டு மைந்தன் வேறொரு வழியை நாடுவானாயின் வீட்டிலே கலக்கம் உண்டாகின்றது. தம் உழைப்பெல்லாம் வீணாயிற்றே என்று தந்தை மனம் நோவார். தன் உள்ளத்தின் வேட்கையை உணராரே என்று மைந்தன் மனம் புழுங்குவான். இருவரும் நல்லவர்களாயிருத்தலே இக்கலக்கத்தை மேலும் கொடியதாக்குகின்றது. இதனை அறியாத நாடுமில்லை, காலமுமில்லை.

‘புதையல் தீவு’ என்னும் நாவலால் உலகெங்கும் உள்ள சிறுவர் உள்ளங்களிற் குடிகொண்டவரும், வீரசாகசக் கதைகளுக்கு ஆங்கில இலக்கியத்திலே தனி மதிப்பைத் தேடித்தந்தவருமாகிய றொபேட் லூயிஸ் ஸ்டீவன்சனுடைய வாழ்க்கை இத்தகைய கலக்கத்தினூடாகவே வளர்ந்தது. இளமை தொட்டு நோயோடு போராடி, 44 ஆண்டுகளே வாழ்ந்த அவர், தந்தையின் தொழிலை விட்டாரேயன்றித் தந்தையின் உழைப்பை விட்டாரல்லர். இளைஞரும் முதியோரும் ஒருங்கே சிந்தித்தற்குரிய செய்திகள் அவர் வரலாற்றிலே பல உள.

குடியும் பிறப்பும்

ஸ்கொத்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவிலே 1850 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 13 ஆந் திகதி ஸ்டீவன்சன் பிறந்தார். தந்தையார் பெயர் தோமஸ் ஸ்டீவன்சன். தாயார் பெயர் மார்கிரெற். தாயாரைப் பெற்றவர் ஒரு கிறித்தவ மதகுரு. பெற்றோருக்கு இவர் ஒரே பிள்ளை.

ஸ்டீவன்சன் குடும்பத்தார் கடலிலே வெளிச்சவீடுகள் கட்டுவதிற் பேர்பெற்றவர்கள். ஸ்கொத்லாந்தின் கீழ்க்கரைக்கு அப்பால், பெருக்கு நேரத்தில் நீருள் மறைந்து கப்பல்களைப் பலிகொண்டு வந்தது பெல் றொக் என்னும் பாறை. அப்பாறையின்மீது வெளிச்சவீடு எழுப்பும் பணியை முன்னின்று நடத்தியவர் பாட்டனாராகிய றொபேட் ஸ்டீவன்சன். 1807 இலே தொடங்கிய வேலை 1810 இலே முடிவுற்று, 1811 இலே அங்கு விளக்கேற்றப்பட்டது. நீர் வற்றிப் பாறை வெளிப்படும் சில மணி நேரத்துள் அத்திவாரம் வெட்டி, நீர் பெருகுமுன் தோணியேறித் தப்பவேண்டிய வேலை அது. பெரிய தந்தையாராகிய அலன் ஸ்டீவன்சன் மேற்கரைக் கடலிலே ஸ்கெரிவோர் பாறைமீது எழுப்பிய வெளிச்சவீடு 1844 ஆம் ஆண்டு முதல் ஒளி தந்தது. தந்தையார் தோமஸும் அத்துறையில் வல்லுநர். வெப்பமானி முதலிய கருவிகளை வெயிலும் மழையும் தாக்காது வைத்தற்கு அவர் அமைத்த வெண்ணிற மரக்கூடு, அவர் பெயராலேயே வழங்கி, வானிலை நிலையங்களிலே இன்றும் காணப்படுகின்றது.

இத்தகைய குடும்பத்திலே பிறந்த ஒரே மைந்தன் எத்தொழிலுக்கு உரியவன் என்பதைப் பற்றிப் பெற்றோருக்கு ஐயமேது?

ஆயின் அம்மைந்தனின் உடல் மிக மெலிந்தது. குளிரும் பனியும் மிக்க எடின்பரோவிலே ஆண்டில் பல மாதங்கள் இருமலும் காய்ச்சலுமாகப் படுக்கையிற் கிடந்தான். இரவெல்லாம் உறங்காது இருமும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சாளரத்தருகே நின்று, அயல் வீடுகளில் எரியும் விளக்குகளைக் காட்டி ஆறுதல் கூறியவர் அலிசன் கன்னிங்ஹாம் என்னும் செவிலித்தாய். வேதாகமக் கதைகளையும், தம் மதக்கொள்கைக்காக உயிர்துறந்த ஸ்கொத்லாந்து மக்களின் வரலாறுகளையும் அவரே பிள்ளைக்கு ஊட்டினார். 1885 இலே வெளிவந்த ‘குழந்தையின் கவிதைத் தோட்டம்’ என்னும் நூலை ஸ்டீவன்சன் அச்செவிலித்தாய்க்கே உரிமையாக்கினார். மாலையிலே தெருவிளக்கு ஏற்ற வருபவனைச் சாளரத்திலிருந்து பார்த்து மகிழும் நோயாளிச் சிறுவன் அந்நூலிலே வருகின்றான். அவன் வேறு யாருமல்லன்.

தந்தையார் தோமஸ் கண்டிப்பும் ஆழ்ந்த மதப்பற்றும் உடையவர். ஆனால் அவரிடத்தும் ஒரு கதையுள்ளம் மறைந்திருந்தது. உறக்கம் வருமட்டும் கப்பல்களையும் வழிப்பறிகாரரையும் பழைய மாலுமிகளையும் பற்றித் தமக்குத் தாமே கதை புனைவது அவருடைய வழக்கம். மைந்தன் கதைஞனாவதை விரும்பாத தந்தையிடமிருந்தே மைந்தனுக்குக் கதையுள்ளம் வந்தது போலும்.

தொழிலும் விருப்பும்

1867 ஆம் ஆண்டிலே ஸ்டீவன்சன் எடின்பரோச் சர்வகலாசாலையிற் பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். வகுப்புகளுக்கு ஒழுங்காகப் போனாரல்லர். சட்டைப்பையிலே இரண்டு புத்தகங்கள் எப்போதும் இருக்கும். ஒன்று படிப்பதற்கு, மற்றொன்று எழுதுவதற்கு. பெரிய ஆசிரியர்களின் நடையை ஒவ்வொன்றாக எடுத்து, அதுபோலவே எழுதிப் பார்த்து, பிழை கண்டு, மீண்டும் எழுதிப் பழகினார். யாரும் கேளாமல், யாருக்கும் காட்டாமல் பல ஆண்டுகள் செய்த பயிற்சி அது. பிறர் கண்ணுக்குச் சோம்பேறியாகத் தோன்றியவர் தாம் தேர்ந்த தொழிலிலே கடும் உழைப்பாளியாயிருந்தார்.

விடுமுறைக் காலங்களிலே தந்தையார் அவரைக் கடற்கரை வேலைகளுக்கு அழைத்துச் சென்றார். விக் என்னும் துறைமுகத்திலே நீர்மூழ்குவோரின் உடையணிந்து கடலடிக்கு இறங்கினார். 1870 ஆம் ஆண்டிலே ஏறெயிட் என்னும் சிறு தீவிலே சில வாரங்கள் தங்கி, வெளிச்சவீடு ஒன்றுக்குக் கல் பொளியும் வேலையைப் பார்த்தார். அலுவலக வேலை அவருக்குக் கசந்தது. கடலும் தோணியும் தீவும் இனித்தன. இவ்வனுபவங்கள் வீண்போகவில்லை. பதினாறு ஆண்டுகளின் பின் அவர் எழுதிய நாவலொன்றிலே, கப்பல் உடைந்து கதாநாயகன் கரையொதுங்கும் இடம் அந்த ஏறெயிட் தீவே.

1871 ஆம் ஆண்டிலே, விட்டுவிட்டு ஒளிரும் வெளிச்சவீட்டு விளக்கொன்றின் அமைப்பைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைக்கு ஸ்கொத்லாந்து அரச கலைக்கழகம் வெள்ளிப் பதக்கம் அளித்தது. தந்தையார் அகமகிழ்ந்திருப்பார். ஆனால் அதே ஆண்டிலே, ஒருநாள் உலாவச் சென்றபோது, பொறியியலைத் தாம் விட்டுவிட விரும்புவதாகவும், எழுத்தாளராக வாழவே எண்ணுவதாகவும் மைந்தர் தந்தையிடம் தெரிவித்தார். தலைமுறை தலைமுறையாக வந்த தொழில் தம் வீட்டிலே அற்றுப்போவதைக் கேட்ட தோமஸ் சீறி விழவில்லை. எழுத்தை நம்பி வாழ்தல் அரிது, ஆகவே கைக்கொரு தொழிலாகச் சட்டம் படிக்கவேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். மைந்தரும் இசைந்தார். 1875 ஆம் ஆண்டிலே சட்டத்தரணியாகப் பதிவு பெற்றார். வாசற் கதவிலே பெயர்ப்பலகை தூங்கிற்று. வழக்காடியது மிகச் சிறிதே.

இதனிடையே 1873 ஆம் ஆண்டிலே இன்னுங் கொடிய பிணக்கு ஒன்று நேர்ந்தது. மதத்தைப் பற்றித் தந்தையார் கேட்ட கேள்விகளுக்கு, பெற்றோரின் நம்பிக்கை தமக்கில்லை என்று மைந்தர் ஒளியாது விடைகூறினார். அன்று தொட்டு வீடு இழவு வீடு போலாயிற்று. பொய் கூறியிருப்பின் அமைதி நிலைத்திருக்கும். உண்மை கூறியதால் இரு பகுதியாரும் வருந்தினர். ஆயினும் தந்தை மைந்தரை வீட்டைவிட்டுத் துரத்தவுமில்லை. மைந்தர் தந்தையை இகழ்ந்து பேசவுமில்லை. இது நினைவில் இருத்தற்பாலது.

இல்லறமும் கடற்பயணமும்

உடல்நலம் நாடியும் ஊர்சுற்றும் விருப்பினாலும் ஸ்டீவன்சன் பிரான்சு தேசத்துக்கு அடிக்கடி சென்றார். 1876 இலே சிறு தோணியிற் பெல்ஜியத்தினதும் பிரான்சினதும் ஆறுகளிலும் கால்வாய்களிலும் பயணஞ் செய்து, ‘உள்நாட்டுப் படகுப் பயணம்’ என்ற நூலை 1878 இலே வெளியிட்டார். அதுவே அவரது முதற் பெரிய நூல். அதே ஆண்டிலே, மொடெஸ்தீன் என்னும் பெயருடைய பிடிவாதக் கழுதையொன்றின் முதுகிலே மூட்டையை ஏற்றிக்கொண்டு, தென் பிரான்சிலுள்ள செவென் மலைகளைப் பன்னிரண்டு நாட்களிற் கடந்தார். அப்பயணத்தைக் கூறும் நூல் நகைச்சுவை மிக்கது.

பிரான்சிலே கிறே என்னும் ஓவியர் கிராமத்திலே 1876 இற் பானி ஒஸ்போண் என்னும் அமெரிக்க மாதைச் சந்தித்தார். அம்மாது இவரிலும் பத்து வயது மூத்தவர், கணவரோடு ஒத்துவாழ இயலாது பிரிந்து வந்தவர், மக்களையுடையவர். கடைசி மைந்தனை அவ்வாண்டிலேயே நோய்க்குப் பறிகொடுத்துத் துயருற்றிருந்தார். இருவரும் அன்பு பூண்டனர். 1878 இலே பானி கலிபோர்ணியாவுக்குத் திரும்பினார். மறு ஆண்டு அவரிடமிருந்து செய்தி வரவே, ஸ்டீவன்சன் பெற்றோருக்கும் சொல்லாமல் 1879 ஆகஸ்ட் மாதத்திலே கப்பலேறினார்.

கையிற் பொருளில்லை. பிழைப்புத் தேடிப் புலம்பெயரும் ஏழைகளோடு அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து, அன்னோருக்கென விடப்பட்ட இரயிலிலே அமெரிக்கக் கண்டத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை நெருக்குண்டு சென்றார். மொந்தரே என்னும் ஊருக்கருகே காட்டிலே நோயால் மயங்கிக் கிடந்தவரை ஆட்டுப்பட்டி வைத்திருந்த இருவர் எடுத்துப் பேணிக் காத்தனர். சான்பிரான்சிஸ்கோவிலே வயிற்றைக் கட்டி எழுதிப் பிழைத்தார். மீண்டும் சாவின் வாயிலை எட்டிப் பார்த்தார். மைந்தரின் நிலையை அறிந்த தந்தை, தமக்கு உடன்பாடில்லாத விவாகமேயாயினும், ஆண்டுக்கு 250 பவுண் தருவதாகத் தந்தி அடித்தார். 1880 மே மாதம் 19 ஆந் திகதி விவாகம் நடந்தது. சில மாதங்களில் தம்பதியர் எடின்பரோ வந்து சேர்ந்தனர். முதியவர் தோமஸ் மருமகளைக் கண்ட சில நாட்களிலேயே அவர்மீது பெருமதிப்புக் கொண்டார்.

புதையல் தீவு

1881 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஸ்கொத்லாந்திலே பிறேமார் என்னும் மலையூரில் குடும்பத்தார் தங்கியிருந்தனர். ஓயாத மழை. பானியின் மைந்தனாகிய பதின்மூன்று வயது லொயிட் படம் வரைந்து பொழுதைப் போக்கிக்கொண்டிருந்தான். சிற்றப்பராகிய ஸ்டீவன்சனும் அவனுடன் அமர்ந்து ஒரு தீவின் படத்தை வரைந்தார். குன்றுகளும் குடாக்களும் இட்டு, புதையல் இருக்கும் இடத்தைக் குறித்தபோது, அப்படத்திலிருந்தே ஒரு கதை எழுந்தது. நாளுக்கு ஓர் அத்தியாயமாக எழுதி, மாலையிலே வீட்டாருக்குப் படித்துக் காட்டினார்.

கேட்டவர்களில் மிக மகிழ்ந்தவர் சிறுவன் லொயிட் மட்டுமல்லன். அறுபதைக் கடந்த தோமஸ் ஸ்டீவன்சனும் ஆவர். இரவிலே தமக்குத் தாமே சொல்லி மகிழ்ந்த கதைகளின் உலகம் மைந்தரின் வாயிலிருந்து வருவதைக் கண்டார். கதையில் வரும் பழைய மாலுமியின் பெட்டகத்துள் என்னென்ன பொருள்கள் இருக்கும் என்பதை ஒருநாள் முழுதும் இருந்து பட்டியல் எழுதிக் கொடுத்தார். கொள்ளைத்தலைவன் பிளின்றின் கப்பலுக்குப் பெயர் வைத்தவரும் அவரே. பத்து ஆண்டுகளின் முன் எழுத்துத் தொழிலைக் குறித்து அஞ்சிய தந்தை, அத்தொழிலிலே மைந்தருக்குக் கூட்டாளியானார்.

கதை பதினைந்து அத்தியாயத்தில் நின்றுவிட்டது. சுவிற்சலாந்திலே டாவோஸ் என்னும் மலைநகரிற் குளிர்காலத்தைக் கழிக்கும்போது எஞ்சியதை எழுதி முடித்தார். சிறுவர் பத்திரிகையொன்றிலே புனைபெயரில் தொடராக வெளிவந்தபோது அதனை எவரும் பெரிதாக எண்ணவில்லை. 1883 இலே நூலாக வந்தபின்னரே புகழ் பெருகிற்று. முதியோரும் இரவிரவாக இருந்து படித்தனர். நூல் அச்சேறுமுன் மூலப்படம் தபாலிலே காணாமற் போய்விட, தந்தையாரின் அலுவலகத்திலேயே அது மீண்டும் வரையப்பட்டது. கொள்ளைத்தலைவனின் கையொப்பத்தை அதிலே இட்டவர் தோமஸ்.

இந்நூலின் உயிர்நாடி ஒற்றைக்கால் சமையற்காரனாகிய ஜோன் சில்வர். நோயினால் ஒரு காலை இழந்தும் ஊக்கம் குன்றாத நண்பரும் கவிஞருமாகிய ஹென்லியின் ஆண்மையைக் கண்டே அப்பாத்திரத்தைப் படைத்தார். சில்வர் கொலைக்கு அஞ்சாதவன். ஆயினும் இனிமையாகப் பேசுபவன், துணிவுள்ளவன், சிறுவன் ஜிம்மிடம் உண்மையான அன்புமுடையவன். தீயவன் முற்றுந் தீயவனாகவே தோன்றுவான் என்று எண்ணும் இளம் வாசகனுக்கு, உலகம் அவ்வளவு எளிதன்று என்று இக்கதை உணர்த்துகின்றது.

படுக்கையிலிருந்து பிறந்த நூல்கள்

1884 முதல் 1887 வரை இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள போர்ண்மத் நகரில் வாழ்ந்தார். தந்தையார் மருமகளுக்கு வாங்கிக் கொடுத்த அவ்வீட்டுக்குப் பெரிய தந்தையார் கட்டிய வெளிச்சவீட்டின் பெயராகிய ஸ்கெரிவோர் என்பதையே சூட்டினார். பெரும்பாலும் படுக்கையே அவருடைய மேசை. இருமலோடு இரத்தம் வரும். கயரோகம் என்று அக்காலத்திற் கருதினர். அதற்கு முன் பிரான்சிலே இருந்தபோது ஒருமுறை வலக்கை கட்டப்பட்டு, கண்நோயால் இருட்டறையிற் கிடந்து, பேசவும் கூடாதென வைத்தியர் தடுத்த வேளையிலே, இடக்கையாற் குழந்தைக் கவிதைகளை எழுதினார். அக்கவிதைகளிலே வெயிலும் விளையாட்டும் உண்டு. நோயின் முனகல் இல்லை.

1886 ஆம் ஆண்டு இரு பெரும் நூல்களை உலகுக்குத் தந்தது. ஒன்று ‘டாக்டர் ஜெக்கிலும் மிஸ்டர் ஹைடும்’. கனவொன்றிலே கண்ட காட்சிகளைக் கொண்டு முதற்படியை மூன்று நாளில் எழுதினார். அதன் உட்பொருள் நன்கு விளங்கவில்லை என்று மனைவியார் குறைகூறவே, அதனைத் தீயிலிட்டுவிட்டு மீண்டும் எழுதினார் என்பர். நன்மதிப்புள்ள வைத்தியர் ஒருவர், மருந்தொன்றை உண்டு, தம்முள் உறங்கும் தீயவனை வேறோர் உருவமாக வெளிவிடுகின்றார். ஈற்றிலே அத்தீயவனை அடக்க வல்லமையின்றி அழிகின்றார். பகலிலே நகரப் பெரியோனாயும் இரவிலே கள்வனாயும் வாழ்ந்து 1788 இலே தூக்கிலிடப்பட்ட புறோடி என்னும் எடின்பரோத் தச்சனின் வரலாறும் இக்கதைக்கு ஒரு வித்து. அவன் செய்த அலுமாரி ஒன்று ஸ்டீவன்சன் சிறுபிள்ளையாய்ப் படுத்திருந்த அறையிலே இருந்தது. ஆறு மாதத்துள் பிரித்தானியாவில் மட்டும் 40,000 பிரதிகள் வரை விற்பனையாயின.

மற்றொன்று ‘கடத்தப்பட்டவன்’. 1751 ஆம் ஆண்டிலே, கலகத்திலே தோல்வியுற்ற ஸ்கொத்லாந்து மலைநாட்டார் துன்புற்ற காலத்திலே நடக்கும் கதை. அரச கட்சியைச் சார்ந்த தாழ்நிலத்து இளைஞனாகிய டேவிட்டும், எதிர்க்கட்சி வீரனாகிய அலன் பிரெக்கும் மலையிலும் காட்டிலும் ஒளிந்தோடுகின்றனர். கொள்கையால் வேறுபட்ட இருவர், பிணங்கியும் இணங்கியும் ஒருவரையொருவர் கைவிடாத நட்பு இந்நூலிலே சித்திரிக்கப்படுவதுபோல் வேறெங்கும் காண்டலரிது. தந்தையோடு கொள்கையால் வேறுபட்டும் அன்பால் வேறுபடாத ஒருவர் எழுதிய நூல் அல்லவா!

1887 மே மாதத்திலே தோமஸ் ஸ்டீவன்சன் காலமானார். மைந்தர் ஓடிவந்து சேர்ந்தபோது, அறிவு மங்கிக் கிடந்த தந்தைக்கு மைந்தரை அடையாளம் தெரியவில்லை. சுகவீனத்தினால் இறுதிச் சடங்கிலும் மைந்தர் கலந்துகொள்ள முடியவில்லை. அம்மாதம் எடின்பரோவை விட்டவர் பின்னர் அந்நகரைக் கண்டாரல்லர்.

தென்கடல்

அவ்வாண்டு ஆகஸ்டிலே தாயாரையும் குடும்பத்தாரையும் அழைத்துக்கொண்டு அமெரிக்கா சென்றார். 1888 ஜூனிலே சான்பிரான்சிஸ்கோவிலிருந்து ‘கஸ்கோ’ என்னும் பாய்க்கப்பலிலே பசுபிக் சமுத்திரத்துட் புகுந்தார். மார்க்கேசாஸ், தாகித்தி, ஹவாய் ஆகிய தீவுகளைக் கண்டார். பல ஆண்டுகள் படுக்கையிற் கிடந்தவர் கடற்காற்றிலே நடமாடத் தொடங்கினார்.

ஹவாயின் மொலொகாய்த் தீவிலே தொழுநோயாளர்களுக்குப் பணிசெய்து, தாமும் அந்நோய்க்காளாகி, டேமியன் என்னும் கத்தோலிக்கக் குருவானவர் 1889 ஏப்பிரிலில் இறந்தார். அடுத்த மாதம் ஸ்டீவன்சன் அங்கு சென்று ஒரு வாரம் வரை தங்கி, நோயுற்ற சிறுமியரோடு விளையாடினார். பின்னர் அவர்களுக்குப் பியானோ ஒன்றும் அனுப்பினார். சில மாதங்கள் கழித்து, ஹொனலுலுவிலே வாழ்ந்த புரட்டஸ்தாந்து மதகுரு ஒருவர் டேமியனை இழித்தெழுதிய கடிதம் பத்திரிகையில் வெளியாயிற்று. அவருடைய பெயரும் ஹைட் என்பது வியப்பான ஒற்றுமை. ஸ்டீவன்சன் 1890 இலே பகிரங்கக் கடிதமொன்றால் அதனைக் கடுமையாக மறுத்தார். மானநட்ட வழக்கு வரின் உள்ள பொருளெல்லாம் போகுமென அறிந்தும், குடும்பத்தாரின் சம்மதம் பெற்று அதனை அச்சிட்டார். தம் சபையைச் சேராத ஒருவருக்காகப் புரட்டஸ்தாந்து மதகுரு ஒருவரை எதிர்த்தார். டேமியனுக்குக் கத்தோலிக்க திருச்சபை 2009 இலே புனிதர் பட்டம் அளித்தது.

சமோவாவின் உபோலுத் தீவிலே, ஆப்பியா நகருக்கு மேலே, வைலிமா என்னுமிடத்தில் 300 ஏக்கருக்கு மேற்பட்ட காணியை வாங்கி, 1890 முதல் நிலையாக வாழ்ந்தார். காலையிற் கதை எழுதுவதும், பின் காடு வெட்டுவதும் அவர் தொழில். போத்தலுள் அடைபட்ட பூதத்தைப் பற்றிய அவரது கதை 1891 இலே சமோவ மொழியில் வெளிவந்தது. அதைப் படித்தவர்கள், வைலிமாவுக்கு வந்தால் அந்தப் போத்தலைக் காட்டுமாறு கேட்பார்களாம். கதைசொல்லி எனப் பொருள்படும் ‘துசித்தாலா’ என்ற பெயரை அம்மக்கள் அவருக்குச் சூட்டினர். நத்தார்த் தினத்தன்று பிறந்ததால் தனக்குத் தனியே பிறந்தநாட் கொண்டாட்டம் இல்லையே என வருந்திய சிறுமி ஒருத்திக்கு, தமது பிறந்தநாளைச் சட்டப்பத்திரம் போல எழுதி நன்கொடையாக வழங்கியதும் இக்காலத்திலேயே.

அக்காலத்திலே ஜேர்மனி, பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய மூன்று வல்லரசுகள் சமோவாவைத் தத்தம் வழிக்கு இழுத்தன. அரசுரிமை பற்றிய உட்பகையை வளர்த்தன. அந்நிய அதிகாரிகளின் செயல்களைக் கண்டித்து ஸ்டீவன்சன் இலண்டன் பத்திரிகைக்குக் கடிதங்கள் எழுதினார். 1892 இலே சமோவாவின் துயர வரலாற்றை நூலாகவும் வெளியிட்டார். பிரித்தானிய அதிகாரிகள் புதிய விதியொன்றை வகுத்தபோது, அது அவரை நாடுகடத்தற்கே ஆக்கப்பட்டதெனப் பலர் கருதினர். அவர் ஓயவில்லை. 1893 இலே மத்தாபா என்னும் தலைவர் போரிலே தோற்று நாடுகடத்தப்பட்டார். அவரைச் சார்ந்த பிரதானிகள் ஆப்பியாச் சிறையிலே வாடினர். ஸ்டீவன்சன் உணவும் புகையிலையும் கொண்டு சென்று அவர்களைப் பேணி, விடுதலைக்காகவும் உழைத்தார்.

விடுதலையான பிரதானிகள் அந்நன்றியை மறக்கவில்லை. பொதுவேலை செய்தலை இழிவாகக் கருதும் குடிப்பிறந்த அவர்கள், தாமாகவே மண்வெட்டி ஏந்தி வைலிமாவுக்கு ஒரு தெரு வெட்டினர். அன்புள்ளத்தின் வீதி என்று அதற்குப் பெயரிட்டனர். 1894 அக்டோபரில் அது முடிந்தபோது நடந்த விருந்திலே ஸ்டீவன்சன் அவர்களுக்குப் புத்திமதி கூறினார். நாட்டைக் காக்கும் வழி போரன்று. தெருக்கள் அமைத்தலும், தோட்டம் செய்தலும், தம் நிலத்தைத் தாமே பயன்படுத்தலுமே என்றும், அவர்கள் பயன்படுத்தாவிடிற் பிறர் வந்து கொள்வர் என்றும் எச்சரித்தார். சில ஆண்டுகளிலே வல்லரசுகள் அத்தீவுகளைப் பங்கிட்டுக்கொண்டன. மேற்குச் சமோவா சுதந்திரம் பெற்றது 1962 ஆம் ஆண்டிலேதான்.

இறுதி

1894 டிசம்பர் 3 ஆந் திகதி காலையிலே வழக்கம்போல் எழுதினார். மாலையிலே, மனச்சோர்வுற்றிருந்த மனைவியாரை மகிழ்வித்துக்கொண்டு இராப்போசனத்துக்கு உதவிசெய்தவர், திடீரெனத் தலையைப் பிடித்தபடி வீழ்ந்தார். மூளையிலே இரத்தநாளம் வெடித்துவிட்டது. அன்றிரவே உயிர் பிரிந்தது. வாழ்நாளெல்லாம் சுவாசப்பையின் நோய்க்கு அஞ்சியவரைக் கொண்டுபோனது வேறொரு நோய்.

சமோவ மக்கள் நுண்ணிய பாய்களைக் கொணர்ந்து போர்த்து, இரவெல்லாம் உடலைக் காத்தனர். வையா மலையுச்சியிலே அடக்கம் செய்யப்பட வேண்டுமென்பது அவர் விருப்பம். மலைக்குப் பாதை இல்லை. கோடரியும் கத்தியும் கொண்டு காட்டை வெட்டி வழிசெய்து, மறுநாள் தோள்மேற் சுமந்து ஏற்றினர். பறவைகள் அச்சமின்றிப் பாடும்பொருட்டு அம்மலையிலே துப்பாக்கி சுடுதலைப் பிரதானிகள் தடைசெய்தனர் என்பர். கல்லறையிலே அவர் தமக்கென முன்னரே இயற்றிய கவியடிகள் பொறிக்கப்பட்டுள்ளன. 1914 இலே இறந்த பானியின் அஸ்தியும் பின்னர் அங்கேயே வைக்கப்பட்டது.

அவர் மேசையிலே முற்றுப்பெறாத கையெழுத்துப் பிரதிகள் கிடந்தன. அவற்றுள் இரண்டு நம் கவனத்துக்குரியன. ஒன்று ‘ஹேமிஸ்ரனின் வெயர்’ என்னும் நாவல். கடுமை மிக்க நீதிபதியாகிய தந்தைக்கும், அவரை எதிர்த்து நிற்கும் ஒரே மைந்தனுக்கும் இடையே நிகழும் போராட்டமே அதன் பொருள். தம் நூல்களுள் தலைசிறந்ததாக அமையும் என அவர் நம்பிய அதனை, இறந்த அன்று காலையிலும் சொல்லி எழுதுவித்தார். மற்றொன்று வெளிச்சவீடு கட்டிய தம் முன்னோரின் வரலாறு. பாட்டனார் பெல் றொக்கிலே பட்ட பாட்டை, பூமியின் மறுபுறத்திலே, தென்னையும் பலாவும் சூழ்ந்த வீட்டிலே இருந்து அவர் எழுதிக்கொண்டிருந்தார். தந்தையின் தொழிலைத் துறந்த மைந்தர், அத்தொழிலின் பெருமையை உலகுக்கு எடுத்துரைக்கும் வேலையைத் தம் மேற்கொண்டார்.

இளைஞர்கள் இவர் வரலாற்றிலிருந்து, விரும்பிய வழியே செல்லலாம் என்ற பாதியை மட்டும் எடுத்துக்கொள்வது எளிது. மற்றப் பாதி அரியது. விரும்பிய வழியைத் தேர்ந்தவர் அதற்கு உரிய விலையை, இடக்கையால் எழுதியேனும், முழுமையாகக் கொடுத்தார். முதியோர் சிந்திக்கவேண்டியது தோமஸ் ஸ்டீவன்சனைப் பற்றி. தாம் விரும்பியது நடவாதபோதும் வாயிற்கதவை அடைக்காதவர் அவர். மைந்தர் எழுத்தாளராவதை அவர் விரும்பவில்லை. எனினும் அக்கதையின் பெட்டகத்தை நிரப்பிக் கொடுக்க அவருடைய கை முன்வந்தது. அக்கை அன்று முன்வராதிருந்திருப்பின், ‘புதையல் தீவு’ பிறந்திருக்கலாம். ஆனால் அவ்வீட்டின் மிகப் பெரிய புதையல் புதைந்தபடியே கிடந்திருக்கும்.